மூட்டைக்கு ஒரு சட்டி

பாறசாலை,
11 ஆகஸ்ட் 1996, ஞாயிறு.

அன்புள்ள ஜின்சிக்கு,

நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் ‘சுகம்’ என்று ஒரு வரி எழுதுவாய். போன மூன்று கடிதத்திலும் அதே வரிதான். நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடுகிறாயா, அந்த சவுதி தமாம் வெயிலில் பகலில் தூக்கம் வருகிறதா, அதை எழுது.

அடுக்களை வேலை தொடங்கிவிட்டது. நாம் பேசி முடித்ததை மறுபடியும் எழுதுகிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. உன்னை அங்கே அனுப்ப ஏஜென்சிக்காரனிடம் பட்ட கடன் இந்த மாதத்தோடு தீருகிறது. இனி டிசம்பர் வரை நீ அனுப்புவதும், என் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதும் சேர்ந்து முப்பத்தெட்டாயிரம். அடுக்களை அதற்குள் முடிந்தால், கான்ட்ராக்ட் தீர்ந்ததும் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறாய். தாண்டினால் மறுபடியும் கடன். கடன் என்றால் நீ இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் கடைசிக்குள் மேட்ரனிடம் சொல்லியாக வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன் நான் உனக்கு முடிவு சொல்வேன்.

அடுக்களையைத் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்டாய். முடியாது. அம்மாவின் இருமலுக்கு நெய்யாற்றின்கரை டாக்டர் இந்தத் தடவை மருந்து எழுதவே இல்லை. அடுக்களையை மாற்று, அப்புறம் என்னிடம் வா என்றுதான் சொன்னார். கூரையும் இன்னொரு மழை தாங்காது. நீ கல்யாணம் கழிந்து வந்த புதிதில் அடுக்களைக்குள் நின்று புகையில் கண் சிவந்து வெளியே வந்தது எனக்கு மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூரை ஓடுகளைப் பிரித்தோம். ஜின்சி, அதை நீ பார்த்திருக்க வேண்டும். மேலே இருந்து நேராக வெயில் அதற்குள் விழுந்தது அதுதான் முதல் தடவை. கறுப்பு என்று நமக்குத் தெரியும், எவ்வளவு கறுப்பு என்று தெரியாது. கூரைக் கைமரத்தில் கரி என் சுண்டுவிரல் கனத்துக்கு அப்பியிருந்தது. ஒட்டடை கயிறு கயிறாகத் தொங்கியது. காற்று பட்டதும் எல்லாம் ஒரே பக்கமாக ஆடியது. அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஓர் இடம் மட்டும் வெளுத்து, வழவழப்பாக, ஆள் உயரத்துக்கு இருந்தது. என்ன என்று புரியச் சற்று நேரம் ஆனது. சோறு கொதிக்கிற வரைக்கும் அம்மா முதுகைச் சாய்த்து நிற்கும் இடம் அது. நான் அளவு டேப்பைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டேன். அந்தக் கரி எல்லாம் அம்மாவின் மூச்சுக்குள் போனதுபோக மிச்சம்.

அம்மாவுக்கோ வெட்கம். “எலே பினு, வழியில போற ஆளுவ பாக்குதுலே, சீக்கிரம் மூடு” என்று துடைப்பத்தோடு வந்து வாசலை மறைத்து நின்றாள். துணி மாற்றும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டது போல.

எஸ்டிமேட் நானே போட்டது. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தது இதற்காவது உதவட்டும். தெற்குச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டுவது, மேலே கான்கிரீட் தளம், புகைக்குழல், உட்புறம் பூச்சு, நின்று பாத்திரம் கழுவக் குழாயும் தொட்டியும். கொத்தனார் நம் சபை ஞானையன் அண்ணன். குன்னத்துகால் பக்கம் அவர் கை படாத வீடு குறைவு. குழாய் சாமான்கள் களியக்காவிளையில் வாங்கினால் லாபம், விசாரித்துவிட்டேன்.

காலையில் எட்டு மணிக்கு நான் அதியன்னூர் ஸ்கூல் கட்டிட வேலைக்குப் போய்விடுவேன். பகல் முழுக்க இங்கே அம்மாதான் மேற்பார்வை. ஆகவே சட்டம் போட்டிருக்கிறேன். வேலை தொடங்கியபின் பிளானில் மாற்றம் கிடையாது. எனக்குத் தெரியாமல் ஒரு ஆணி வாங்கக் கூடாது. எனக்குத் தெரியாமல் ஒரு ஆணி வெளியே போகவும் கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் “செரி மக்கா” என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்து நான் பார்த்ததில்லை.

பதில் எழுது. ஒரு வரிக்கு மேல்.

பினு


பாறசாலை,
15 செப்டம்பர் 1996, ஞாயிறு.

அன்புள்ள ஜின்சிக்கு,

உன் கடிதமும் டிராஃப்டும் கிடைத்தது. நாலு பக்கம் எழுதியதற்கு சந்தோஷம். வார்டில் அந்தப் பாட்டிக்கு நீ ஊட்டிவிட்டால்தான் இறங்குகிறது என்று எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

ஓணத்துக்கு ஆட்கள் லீவு எடுத்ததில் தாமதம் ஆனாலும் தளம் வார்த்தாயிற்று. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது என்பதால் ஆட்களை நெருக்கி நிறுத்தினோம். கீழே இருந்து மேலே வரை பெண்கள் வரிசை, கை மாறிக் கை மாறிச் சட்டி ஏறுகிறது. ஒருத்தியும் எதையும் சிந்தவில்லை. அவர்கள் கதையும் நிற்கவில்லை. காஞ்சிரங்குளத்தில் யாரோ ஒருத்தி மாமியாரோடு பிணங்கிப் போன கதை, ஏணிக்குக் கீழே தொடங்கி மேலே தளத்தில் முடிந்தது. தினமும் சைட்டில் பார்ப்பதுதான். ஆனால் நம் தலைக்கு மேல் வரப்போகிற கல் இப்படிக் கை மாறி ஏறுவதைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. இப்போது தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

இனி கெட்ட செய்தி. சிமெண்டு குறைகிறது.

தளத்துக்குக் கணக்கு சரி. சுவருக்கும் பூச்சுக்கும்தான் இடிக்கிறது. ஒரு மூட்டையில் எவ்வளவு சுவர் பூசலாம் என்று எனக்குத் தெரியும். கூடுதல் குறைச்சல் கொஞ்சம் இருக்கலாம், இது கொஞ்சம் அல்ல. சுவர் பாதியில் நிற்கும்போதே மூட்டை தீர்ந்துவிடுகிறது. பூச்சின் கனத்தை ஆணி அடித்துப் பார்த்தேன், கூடவில்லை. செங்கலும் குறைகிறது. மணல் குவியலும் நான் காலையில் விட்டுப்போன உயரத்தில் மாலையில் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். “மழை பெய்யுதுல்லா” என்றாள். மழை மணலைக் கொண்டுபோகும். மூட்டைக்குள் இருக்கும் சிமெண்டை எப்படிக் கொண்டுபோகும்?

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நேற்று கூலி கொடுக்கும்போது ஞானையன் அண்ணனிடமே கேட்டேன், சிமெண்டு எங்கே போகிறது என்று. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். பிறகு கொத்துக் கரண்டியை என் முன்னால் நீட்டி, “இதில ஒட்டிப்பிடிச்சதுதான் தம்பி நான் வீட்டுக்குக் கொண்டுபோறது. சுரண்டி எடுத்துக்கோ, ஒனக்க கணக்கு செரியாவட்டும்” என்றார். கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்று ஆலயத்தில் என் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

அம்மா இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. நான் கத்தினால் பதிலுக்குக் கத்துகிறவள், மத்தியானம் எனக்கு மீன் துண்டு ஒன்று கூடுதலாக வைத்துவிட்டு எழுந்து போனாள். வயது ஆகிறது போல.

வேறு கொத்தனார் தேட வேண்டும். புது ஆள் கூலி அதிகம் கேட்பான். மிச்சமுள்ள சிமெண்டைப் படுக்கையறைக்குள் அடுக்கிப் பூட்டிவிட்டேன். நான் இல்லாத நேரம் வேலைக்கு எடுக்க வேண்டும் என்பதால் சாவி அம்மாவிடம் இருக்கிறது.

உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. முப்பத்தெட்டு நிற்கும் என்று எனக்கு இப்போது உறுதி இல்லை. மனதைத் தயார் செய்து வை. எனக்கு இந்த வரியை எழுதவே பிடிக்கவில்லை.

பினு


பாறசாலை,
13 அக்டோபர் 1996, ஞாயிறு.

அன்புள்ள ஜின்சிக்கு,

இந்தக் கடிதத்தைக் காஞ்சிரங்குளம் ரெஜி கையில் கொடுத்துவிடுகிறேன். உங்கள் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிறவன், லீவு தீர்ந்து செவ்வாய்க்கிழமை ஃபிளைட். தபாலில் போட்டால் நீ கையெழுத்துப் போட்டபின்தான் வந்து சேரும்.

முதலில் முக்கியமானதை எழுதிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதே. மேட்ரனிடம் வாயால் சம்மதித்திருந்தாலும் பரவாயில்லை. பேப்பர் இருபத்தைந்தாம் தேதிதானே வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ‘இரண்டு வருடம் ஓடிவிடும், நீங்கள் வருத்தப்படாதீர்கள், அம்மாவிடம் கோபப்படாதீர்கள்’ என்று எழுதியிருந்தாய். என் ஒரு வரியைப் பார்த்து நீ இப்படி ஒரு முடிவு எடுப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்று மாலையே பூத்தில் இருந்து உன் ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். ஒரு பிலிப்பைன்காரி எடுத்து, உன் பெயரைக் கேட்டுவிட்டு, ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அங்கே ஃபேன் சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. மீட்டர் ஓடியது. யாரும் வரவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நேற்று நான் பார்த்ததை நீ நம்ப மாட்டாய். நான் இன்னும் முழுக்க நம்பி முடிக்கவில்லை.

நேற்று சனிக்கிழமை, காலையிலேயே நல்ல மழை. சைட்டில் வேலை நின்றது, மத்தியானத்துக்கு முன்னால் மழை விட்டதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா இல்லை. படுக்கையறை திறந்து கிடந்தது. சிமெண்டு மூட்டை எல்லாம் வாய் தைத்தபடி இருந்தன, ஒன்றைத் தவிர. அதில் சாக்கு ஊசி குத்தியபடியே நின்றது. மற்றவற்றைக் குனிந்து பார்த்தேன். கம்பெனித் தையல் இல்லை, ஜின்சி. அம்மாவின் தையல். கம்பெனித் தையலைவிட நேராக இருந்தது.

வாசலில் இருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. ஈர மண்ணில் சிந்தி, அப்படியே இறுகிப்போன சிமெண்டு. கோபத்தோடு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் தாண்டி, கால்வாய்க் கரையில் ஏறியது. அங்கே இடது பக்கத்து வழியில் இருந்து சிவப்பாக இன்னொரு கோடு வந்து சேர்ந்தது, செங்கல் பொடி. இன்னும் கொஞ்சம் போனதும் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்து மணல் சிந்திய தடம். எல்லா வழியிலும் ஏதோ சிந்தியிருக்கிறது, எல்லாம் ஒரே பக்கம் போகிறது. எனக்குக் கோபம் போய் வேறு என்னவோ வந்தது. நடை தானாகவே மெதுவாகிவிட்டது.

எல்லாம் போய் நின்ற இடம் சரோஜம் அக்காவின் வீடு. கசுவண்டி ஆபீசுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் சரோஜம் அக்காதான். ஜூன் மாதக் காற்றில் அயனி மரம் விழுந்து அவர்கள் அடுக்களை நொறுங்கியதை உனக்கு எழுதினேனா, தெரியவில்லை. அதன்பின் அக்காவும் மகள் ஆர்யாவும் தார்ப்பாய்க்குக் கீழே மூன்று கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தார்ப்பாயைத்தான் நானும் தினமும் பஸ்சில் இருந்து பார்த்துக்கொண்டு போனேன்.

தார்ப்பாய் இல்லை. அங்கே ஒரு அடுக்களை நிற்கிறது.

சுற்றிலும் நம் சபையின் பெண்கள் சங்கம் முழுக்க நின்றது. ஒருத்தி மணல் சலிக்கிறாள், ஒருத்தி தண்ணீர் சுமக்கிறாள். சாரத்தில் ஞானையன் அண்ணன், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடு வைக்கிறார். சங்கச் செயலாளர் புஷ்பபாய் டீச்சர்தான் என்னை முதலில் பார்த்தது. “ஓவர்சியரு வந்தாச்சு. எல்லாரும் அவரவருக்க எஸ்டிமேட்டைக் கையில எடுத்துக்கிடுங்கோ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஒன்றரை அடி அகலச் சட்டி. இரண்டு பக்கமும் தெரிந்தது.

என்ன இது என்று கேட்டேன். அம்மாவின் வெட்கம் எல்லாம் அரை நிமிடம்தான். சட்டியை முன்னால் கொண்டுவந்தாள். “ஒனக்க மூட்டையில உள்ளது ஆக்கும். நான் ஆக்கும் எடுத்தேன். மூட்டைக்கு ஒரு சட்டி. உலையில அரிசி போடும்போ ஒரு பிடி எடுத்துக் கலயத்தில போட்டு ஞாயித்துக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோறேன்லா? அந்தப் பிடியரிசி எடுத்ததினால ஒனக்கு என்னைக்காவது சோறு கொறஞ்சிருக்காலே?” என்றாள். சோறு வேறே, ஒன்றுக்கு ஐந்து மணல் சேர்த்த சாந்து வேறே என்று சொன்னேன். டீச்சர் சிரித்துச் சிரித்து மணல் சலிக்கும் அரிப்பைக் கீழே போட்டுவிட்டார்.

தளத்துக்கு வாங்கிய மூட்டையிலும் எடுத்தாயா என்று கேட்டேன். அம்மா என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “தலைக்கு மேல நிக்கப்போறதில கை வைப்பேனாலே?” என்றாள். கம்பியிலும் தளத்து மூட்டையிலும் தொடுவதில்லை, அது சங்கத்தில் முன்பே பேசி வைத்ததாம்.

பேசி வைத்தது என்ற வார்த்தையில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அம்மா மட்டும் அல்ல, ஜின்சி. நம் சபையில் இந்த வருடம் யார் யார் வீட்டில் வேலை நடக்கிறதோ எல்லா வீட்டிலும் எடுத்திருக்கிறார்கள். பாதி வீட்டில் ஆண்கள் வளைகுடாவில். மீதி வீட்டில் என்னை மாதிரிக் கணக்குப் பார்த்துக் கத்துகிற ஆட்கள். அங்கே ஒரு சட்டி, இங்கே பத்து கல், ஒரு ஓடு, ஒரு கூடை மணல். எழுதி வைக்கவில்லை. பிளான் இல்லை. யார் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

நான் சுவரைப் பார்த்தேன். எனக்குச் சுவர் வாசிக்கத் தெரியும், அது என் தொழில். அடியில் வெட்டுகல், டீச்சர் வீட்டுக் கிணற்றுக் கைப்பிடிச் சுவர் இடித்தபோது மிஞ்சியது. அதற்கு மேல் மூன்று வரி நல்ல சிவப்புச் செங்கல், சூளை முத்திரை தெரிகிறது, நான் களியக்காவிளையில் ஒரு மணிநேரம் நின்று பேரம் பேசி வாங்கியது. அதற்கு மேல் கொஞ்சம் வெளிறிய கல். அது துபாய் ராஜதாஸ் வீட்டு மாடிக்கு வந்தது. தெற்குப் பக்கம் சிமெண்டுக் கட்டை. கூரையில் ஐந்து விதமான ஓடு. தரையில் ஒரு மூலை சிவப்பு, ஒரு மூலை பச்சை, நடுவில் நீலப் பூப்போட்ட டைல் நாலே நாலு. அதை நான் ராஜதாஸ் வீட்டுக் குளியலறையில் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் கட்டுகிற வீடுகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்பது போல் இருந்தது. ராஜதாசுக்குத் தெரியாது, ஊரில் அவன் இன்னொரு வீட்டுக்கும் தரை போட்டிருக்கிறான் என்று. நீயும் கட்டியிருக்கிறாய், ஜின்சி. அந்த மூன்று வரி உன் நைட் டியூட்டி. நான் போய் அதில் கையை வைத்தேன். மழை ஈரம். கொஞ்ச நேரம் கையை எடுக்கத் தோன்றவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், வடக்குச் சுவர் தூக்குக்குண்டுக்கு அரை அங்குலம் வெளியே நிற்கிறது. அதை அங்கேயே சொல்லிவிட்டேன். மண்டபம் கட்டவில்லையே தம்பி என்றார் ஞானையன் அண்ணன், திரும்பாமல். ஆனால் புகைக்குழலை விட முடியாது. கால்வாய்ப் பக்கக் காற்று நேராக மோதும் இடத்தில், கூரை உச்சிக்குக் கீழே வைத்திருந்தார்கள். முதல் தீயிலேயே புகை முழுக்க உள்ளே திரும்பும் என்றேன். “பின்ன நீ எதுக்குப் படிச்ச? ஏறு மேல” என்றார் டீச்சர். ஏறினேன். பான்ட் மாற்றக்கூட விடவில்லை.

இடம் மாற்றி, உச்சியைத் தாண்டி இரண்டடி உயர்த்தி, மேலே மழை இறங்காமல் ஓடு கவிழ்த்தோம். ஞானையன் அண்ணன் கல் எடுத்துத் தந்தார், நான் வைத்தேன். நான் சொன்னது தப்பு அண்ணா, திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். அவர் அடுத்த கல்லை நீட்டினார். “வாறேன். ஆனா நீ மூட்டை எண்ணும்போ நான் வெளிய நிப்பேன், கேட்டியா” என்றார். அவருக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும். சொல்லியிருந்தால் நான் மூட்டையை எண்ணிப் பூட்டியிருப்பேன், இங்கே சுவர் பாதியில் நின்றிருக்கும். அம்மா அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாளாம். அவர் கரண்டியைக் காட்டி, இதையும் சங்கத்துக்கு எடுத்துக்கோ என்றாராம். வேறு கொத்தனார் கிடைக்காமல் நம் வேலை நின்ற நாளெல்லாம் இந்த வேலை நடந்திருக்கிறது.

சாயங்காலம் சரோஜம் அக்கா தீ மூட்டினார். காய்ந்த ஓலைச் சூட்டும் தேங்காய்த் தொண்டும். ஆர்யா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு தயாராக நின்றது. நாங்கள் எல்லோரும் வெளியே, மேலே பார்த்துக்கொண்டு. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓட்டுக்குக் கீழே மெல்லிசாக ஒரு புகை எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒரே ஏற்றம். நேராக, தடிப்பாக, ரப்பர் மரங்களின் உச்சி வரை ஏறி, அங்கே போய்த்தான் வளைந்தது. எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும் அந்தப் பெண்கள் எல்லோரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சும்மா நின்றார்கள். சரோஜம் அக்கா உள்ளே இருந்து ஓடி வந்தார், மறுபடியும் உள்ளே ஓடினார், மறுபடியும் வந்தார். “பினுவே, கண்ணு எரியல்லடா” என்றார். நான் எத்தனையோ புகைக்குழலுக்கு வரைபடம் போட்டிருக்கிறேன். அது வேலை செய்யும்போது கீழே ஆள் நின்று அண்ணாந்து பார்த்ததில்லை.

இன்று ஆராதனை முடிந்து வந்து நம் எஸ்டிமேட்டை மறுபடியும் போட்டேன். சுவர் டைல் வேண்டாம். தரைக்குச் சிவப்புப் பூச்சு போதும், அம்மாவுக்கு அதுதான் வழுக்காது. கதவு பழையதே. வெளிப்புறம் பூச்சு இப்போது இல்லை, செங்கல் தெரியட்டும். பெயின்ட் என் அடுத்த வருடச் சம்பளத்தில். குழாயும் தொட்டியும் இருக்கிறது, அதில் கை வைக்கவில்லை. முப்பத்தெட்டுக்குள் நிற்கிறது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். அம்மா எடுத்ததையும் சேர்த்துத்தான். அதையும் ஒரு வரியாக எழுதினேன், மூட்டைக்கு ஒரு சட்டி என்று. எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று தெரியவில்லை. ‘இதர செலவு’ என்று போட மனம் வரவில்லை. தலைப்பு இல்லாமலே கிடக்கிறது.

ஆகவே கடன் இல்லை, கடனுக்காக நீ அங்கே நிற்கத் தேவையும் இல்லை. உனக்கு அங்கே நிற்க வேறு விருப்பம் உண்டென்றால் அதை நேராக எழுது, நான் தடுக்க மாட்டேன். ஆனால் ‘இரண்டு வருடம் ஓடிவிடும்’ என்று மட்டும் எழுதாதே. இங்கே அது ஓடவில்லை. அம்மா தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபம் தொடங்குகிறாள், என் பெயர் அதற்குப் பிறகுதான் வரும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த முதல் பெயர் வரும்வரை காத்திருப்பேன்.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. அடுப்பு மேடை. அதற்கு வேண்டிய கம்பியும் ஜல்லியும் தனியாக வைத்துவிட்டேன். ஞானையன் அண்ணன் செவ்வாய்க்கிழமையே வார்த்துவிடலாம் என்கிறார். நான் நிறுத்திவைத்திருக்கிறேன். புத்தகத்தில் மேடைக்கு ஒரு உயரம் சொல்லியிருக்கிறது. அது யாருக்கோ உள்ள உயரம். ஆள் நிற்கும்போது முழங்கை இருக்கும் இடத்தில் இருந்து கொஞ்சம் இறங்கி மேடை வர வேண்டும், இல்லாவிட்டால் முதுகு வலிக்கும். அம்மாவின் அளவு எடுத்துவிட்டேன். நேற்று இரண்டு தடவை சுவரில் பென்சிலை வைத்துப் பார்த்தேன், ஜின்சி. உன் முழங்கை எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கட்டியவன், எனக்குத் தெரியவில்லை. நீ இங்கே இருந்த நாள் அவ்வளவுதான்.

டேப் எடுத்து அளந்து எழுதி அனுப்பாதே. அந்த அளவு எனக்கு வேண்டாம். டிசம்பரில் நீ வந்து சன்னலுக்குக் கீழே நில், நான் சுவரில் கோடு போடுகிறேன். அதற்குப் பிறகுதான் மேடை வார்ப்பு. அதுவரை அம்மா தரையில் உட்கார்ந்து சமைத்துக்கொள்வாள், அவளுக்குச் சம்மதம், கேட்டுவிட்டேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவரட்டும்.

மேடை வார்க்காமல் காத்திருக்கும்,
பினு